சாவு மணியில் வந்த பள்ளிக்கூடச் செய்தி

எங்கள் கோயில்பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு மணி அடிப்புதான். கோயிலைப் பெருக்குவது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்குச் சாமான் எடுத்து வைப்பது, மழையில் சாமியாருக்குக் குடை பிடிப்பது என்று அவருக்கு வேலை நிறைய உண்டு. ஆனால் கைமணியை எடுத்துக்கொண்டு அவர் எங்கள் ராயபுரத்துக் குப்பத்துக்குள் நுழைந்தால் அதற்கு ஒரே பொருள். கோயிலைச் சேர்ந்த பங்குச் சனத்தில் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள். மூன்று தட்டு தட்டுவார், சற்று நிற்பார், மறுபடி மூன்று தட்டு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, செத்தவர் பெயரையும் அடக்க நேரத்தையும் ஒரே ராகத்தில் இழுத்துச் சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குப் போவார். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார்கள். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நல்ல மனுஷர்தான், ஈ எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன்.

அந்த வருஷத்துக் கோடை முழுவதும் நான் தூங்கிக்கொண்டே நடந்த மாதிரிதான் இப்போது ஞாபகம் வருகிறது. வெயில் அப்படி. காலையிலேயே கடலும் வானமும் ஒன்றாகிவிடும், நடுவில் கோடு தெரியாது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா ஆகாயத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியாது. கரித்தூள் காற்றில் வந்து உலரப்போட்ட துணியில், கருவாட்டில், எங்கள் கண்ணிமையில் எல்லாம் படியும். மத்தியானத்தில் குப்பமே அடங்கிக் கிடக்கும். நான் மண் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பேன்.

கோயில் காம்பவுண்டுக்குள் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் எனக்குப் பைத்தியம். முந்தின வருஷமே சேர்ந்திருக்க வேண்டியது. சேர்க்கிற நாள் பார்த்து எனக்கு அம்மை வார்த்துவிட்டது. என் வயசுப் பெண்கள் எல்லாம் சிலேட்டைத் தட்டிக்கொண்டு போக, நான் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். வேதக்கார வீடானாலும் வேப்பிலைக்கு விலக்கு கிடையாது. உடம்பு தேறி எழுந்த பிறகு தினமும் போய்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே நிற்பேன். உள்ளே பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்கும். யார் குரல் எது என்று தெரியாது, அலை மாதிரி எழும்பும், விழும், மறுபடி எழும்பும். அந்தச் சத்தத்துக்குள்ளே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்றெல்லாம் சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

நைனா, என் அப்பா, கட்டுமரக்காரர். பேச்சு குறைவு, சிரிப்பும் குறைவு, சோறு மட்டும் தாராளமாகச் சாப்பிடுவார். நான் சுவரோரம் நிற்பதை ஒருநாள் கடலிலிருந்து வரும் வழியில் பார்த்துவிட்டார். கூடவே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது," என்றார். "இந்த வருசம் நானே இட்டாந்து சேக்குறேன். வா, பசிக்குது."

அவ்வளவுதான் சொன்னார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது நைனாவின் கூட்டாளிக்குக் காய்ச்சல் கண்டது. நைனா தனியாகவே மரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மத்தியானத்தில் மேற்கேயிருந்து ஒரு காற்று எழுந்தது. கரையில் காய்ந்த மீனெல்லாம் பாயோடு பறந்தது. போன மரங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. மரங்களைப் பிரித்துக் கட்டைகளை மணலில் சாய்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நைனாவின் மரம் மட்டும் வரவில்லை.

மறுநாள் குப்பத்து ஆட்கள் வடக்கே எண்ணூர் வரைக்கும் போய்த் தேடினார்கள். அந்த மாதத்தில் கடல் எல்லாவற்றையும் வடக்கேதான் இழுத்துப் போகும். எண்ணூர் முகத்துவாரத்து மணலில் நைனாவின் துடுப்பு ஒதுங்கிக் கிடந்தது. பிடியில் அவர் சூடு போட்டு வைத்த சிலுவை அடையாளம் இருந்தது. அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள்.

அம்மா அழவில்லை. அந்தத் துடுப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மணல் போகத் துடைத்து, உள்ளே எடுத்து வைத்தாள். துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றுகிற வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் அண்ணன், வேலை முடிந்து நேராக வந்தார். அவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். அன்று அவர் உட்காரவேயில்லை.

"தங்கச்சி, சொன்னா கேளு. துடுப்பு கரை ஒதுங்கிச்சின்னா ஆளு இன்னா ஆயிருப்பான்? மரக்காரன் பொண்டாட்டி நீ, ஒனக்கு நான் சொல்லணுமா? சாமியாராண்ட சொல்லிப் பூசைக்கு ஏற்பாடு பண்லாம்."

"துடுப்புதானே வந்துச்சு? ஆளு வர்ல இல்ல? துடுப்பு செத்துப்போச்சுன்னு வேணா மணி அடிக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

என் அம்மாவின் வாய் அப்படி. அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் குப்பத்தில் கிடையாது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த வாய் எனக்கும் வந்திருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்புறம் வந்த நாட்களைத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. அம்மா உலை வைத்தாள், கருவாட்டைத் திருப்பிப் போட்டாள், காக்கை விரட்டினாள். நைனாவுக்கும் சேர்த்துச் சோறு வடித்து, அவர் வராததால் அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நாங்களே அந்தப் பழையதைச் சாப்பிட்டோம். குப்பத்து ஆட்கள் தங்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு மீனை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் கடற்கரையில் போய் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வெள்ளை வெளியில் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க அதில் ஏதோ கறுப்பாக அசையும். எழுந்து நின்று பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அப்படி ஒரு மத்தியானம்தான் மணி கேட்டது. நான் தூக்கத்தில் இருந்தேன். கனவில் அது பள்ளிக்கூட மணியாக இருந்தது. நான் சிலேட்டோடு ஓடுகிறேன், காம்பவுண்டுக் கதவு திறந்திருக்கிறது, மணி மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. அந்த நிறுத்தம்தான் என்னை எழுப்பிவிட்டது. பள்ளிக்கூட மணி அப்படி அடிக்காது.

வாசலுக்கு ஓடினேன். சந்துமுழுக்கக் கதவுகள் திறந்துவிட்டன. கோயில்பிள்ளை கைமணியோடு வந்துகொண்டிருந்தார். வந்தவர், சந்து கொஞ்சம் அகலமாக இருக்கிறதென்று, எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றார். அவர் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி நெஞ்சில் அறைந்துகொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். குப்பத்தில் ஒப்பாரிக்கென்றே பிறந்தவள் அவள். "என் தங்கச்சியைத் தனியா வுட்டியே ராசா," என்று எடுத்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். அம்மா அசையவில்லை. கையில் காக்கை விரட்டுகிற குச்சி. கண் மட்டும் கோயில்பிள்ளையின் வாயிலேயே இருந்தது. அப்படி ஒரு பார்வையை நான் பிறகு எந்த முகத்திலும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

கோயில்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"பங்கு சனங்க அல்லாருக்கும் அறிவிக்கறது இன்னான்னா," என்று அதே ராகத்தில் இழுத்தார், "வர்ற திங்கக்கெயம காலைல, நம்ம கோயில் பள்ளிக்கூடம், லீவு முடிஞ்சி தொறக்கப்படும்..."

சந்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை, ஒப்பாரியைத் தவிர. எடுத்த அடியை நடுவில் விட்டால் ஆகாதோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரி அதைப் பாடி முடித்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினாள்.

"புள்ளைங்களுக்குத் தலைல எண்ண வச்சி, பேன் பாத்து, சட போட்டு அனுப்பணும். பேனோட வர்ற புள்ள திருப்பி அனுப்பப்படும். ஒடஞ்ச சிலேட்டு கூடாது. கய்த்துல சுரூபமோ உத்தரியமோ இருக்கணும். அம்ம குத்துன தயும்ப மதரம்மாகிட்ட காட்டணும். மத்தியானத்துல மீன் கூடைய தூக்கறதுக்குப் புள்ளைங்கள கூப்புடக் கூடாது. கோயில் வாதாங்கொட்ட மரத்துல கல்லு வுட்றவங்க முட்டி போடணும்..."

இத்தனையையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மதர் வந்திருந்தார், கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ. பள்ளிக்கூடச் செய்திகளை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் வாசிப்பார்கள். அதற்குள் எங்கள் ஆண்கள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், பெண்கள் பாதிப் பேர் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்து வெகுநாள் ஆனபிறகுதான் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். மதர் அதைக் கேட்டுவிட்டு, மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சொல்லுங்கள் என்று கோயில்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். எந்த மணி எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோயில்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் மதர் சொன்னால் சொன்னதுதான் என்று அவர் நினைத்துவிட்டார். வழிநெடுகச் சந்துக்குச் சந்து பெண்களை அழவைத்துக்கொண்டே வந்திருக்கிறார் பாவி மனுஷர்.

கடைசியில் ஒரு செய்தி இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் கண் எங்கள் வாசலில் பட்டுவிட்டது. ராகம் தடுமாறியது.

"புச்சா சேர்ற புள்ளைக்குத் தகப்பன் கூட வரணும். சூசையப்பர் பாதத்தத் தொட்டு, பாதில நிறுத்த மாட்டேன்னு வாக்கு குடுக்கணும். தகப்பன்... தகப்பன் செத்துப்போன புள்ளைக்கு மட்டும், அந்த எடத்துல நிக்கற ஆம்பள யாராச்சும் வர்லாம். திங்கக்கெயம சேராத புள்ளைக்கு அடுத்த வருசம்தான்."

அவர் முடிக்கிறவரை அம்மா காத்திருந்தாள். முடித்ததும் குச்சியை ஓங்கிக்கொண்டு இறங்கினாள் பாருங்கள்.

"யோவ்! இன்னாயா நெனச்சிகினு கீற? சாவு மணி அடிச்சி இஸ்கோலுக்கு ஆள் சேக்கறியா?"

"மதரம்மாதான் மணி எடுத்துகினு போன்னாங்கம்மா," என்றார் அவர். அழுதேவிடுவார் போல இருந்தது. "கோயில்ல வேற கைமணி இல்லம்மா."

சந்து முனை வரைக்கும் அவரை விரட்டிவிட்டு அம்மா திரும்பி வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் பயம் தெளிந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்ப தொறக்கறாங்கன்னான்?"

"திங்கக்கெயம."

"நைனா வந்துருவாரு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அந்தக் கடைசிச் செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. புள்ள ஆசப்படுது, நான் வந்து நிக்கறேன் என்று மெதுவாகத்தான் சொன்னார். அம்மா எரிந்து விழுந்தாள்.

"நீ வந்து நின்னா இன்னா அர்த்தம்? அவுரு செத்துட்டாருன்னு அர்த்தம். என் வூட்டுக்காரர சாவடிச்சி என் பொண்ணு படிக்க வாணாம்."

மாமா போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நைனாவுக்காக அழுகிறேனா பள்ளிக்கூடத்துக்காக அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் குப்பத்தில் அடுத்த வருஷம் என்பது 'இல்லவே இல்லை' என்பதற்கு இன்னொரு சொல். அடுத்த வருஷம் எனக்குக் கூடை தூக்குகிற வயசு வந்துவிடும், கூடை தூக்கியவள் எவளும் திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம். நைனா அங்கே சின்ன பெஞ்சியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் பிள்ளைகள் ஒப்பிக்கிற சத்தம். நான் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் மிதந்துகொண்டு, வா நைனா, திங்கட்கிழமை என்று கூப்பிடுவேன். அவர் திரும்பிப் பார்ப்பார், நல்லாத்தான் கீது என்பார். கண் விழித்தால் எனக்குப் பயமாக இருக்காது. அந்தப் பெஞ்சியில் அவருக்குக் கால் வலிக்குமே என்றுதான் கவலையாக இருக்கும்.

திங்கட்கிழமை விடிந்தது. நைனா வரவில்லை. அம்மா என் தலையில் எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, தலை வலிக்கிற மாதிரி இறுக்கிச் சடை போட்டாள். கழுத்தில் மாதா உருவம் பொறித்த சின்னச் சுரூபத்தைக் கட்டினாள். என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இயேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பரின் சுரூபம் இருந்தது, வெள்ளைச் சுண்ணாம்பில், ஆள் உயரத்தில். தகப்பன்மார் வரிசையாக வந்து பாதத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் புயலுக்குப் பயப்படாத ஆட்கள் மதருக்கு முன்னால் நாக்குழறி நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் மதர் கேட்டார். அவர் பேசிய தமிழ் ஜெபப் புத்தகத் தமிழ்.

"தகப்பனார் எங்கே?"

"கடலுக்குப் போயிகீறாரு மதரம்மா. வந்ததும் இட்டாறேன். புள்ளைய மட்டும் இப்ப சேத்துக்கங்க."

"கடலுக்குப் போனவர் இன்று திரும்பிவிடுவார் அல்லவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வந்துருவாரு," என்றாள்.

"அப்படியானால் நல்லது. மாலை மணி அடிக்கும்வரை நான் காத்திருப்பேன். அவரை அழைத்து வாருங்கள்."

மதர் கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். எங்கள் கதையை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே என்னைச் சேர்த்திருப்பார், ஆனால் தகப்பனில்லாத பிள்ளையாகச் சேர்த்திருப்பார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. காம்பவுண்டுக்குள் வாதாங்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்தோம். பழுத்த இலை ஒன்றிரண்டு சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கப்பல் கம்பங்கள் தெரிந்தன. வெயில் ஏறி, நிழல் எங்கள் காலடியிலிருந்து நகர்ந்து, நாங்களும் அதோடு நகர்ந்து உட்கார்ந்தோம். மத்தியானம் மாமா வந்தார். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்க வேண்டும், முகத்தை மட்டும் கழுவியிருந்தார், காதோரம் கரி அப்படியே இருந்தது. அவர் உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பிற்பகலில் உள்ளே ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் சுவருக்கு வெளியே நின்று கேட்டது இப்போது பத்தடியில் கேட்டது. எனக்குத் தூக்கம் வருகிற மாதிரியும் விழிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. எழும்பியது, விழுந்தது, எழும்பியது. எத்தனையோ நாள் கேட்டுக் கேட்டு அந்த வரிகள் எல்லாம் எனக்குள் வந்து உட்கார்ந்திருந்தன போலிருக்கிறது. என் வாயும் அசைந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரியாது. திரும்பினபோது அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா எழுந்தாள். சேலையை உதறினாள். கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா," என்றாள். "வா. வந்து நில்லு."

மூன்று பேருமாகத் தாழ்வாரத்துக்குப் போனோம். மதர் மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இவர்தானா தகப்பனார்?"

"எங்க அண்ணன், மதரம்மா."

"தகப்பனார்?"

"செத்துட்டாரு," என்றாள் அம்மா.

மதர் சிலுவை போட்டுக்கொண்டார். மாமா குனிந்து சூசையப்பரின் பாதத்தைத் தொட்டார். வெள்ளைப் பாதத்தில் அவர் விரல் கரி ஒட்டிக்கொண்டது. அவசர அவசரமாகத் துடைக்கப் போய் அதை இன்னும் பெரிதாக்கிவிட்டார். அவர் வாக்குக் கொடுத்தது எனக்குக் காதில் விழவில்லை. வகுப்புக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போ என்றதும் ஓடினேன். அந்தச் சத்தத்துக்குள் போய் உட்கார்ந்தேன். நான் பார்த்த சந்தோஷங்களில் அதற்கு ஈடு சொல்ல வேறு இல்லை. அப்போது எனக்கு வெட்கமாக இல்லை, இப்போதும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்தது. அந்த வாரமே ஆத்துமப் பூசைக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பூசையில் குப்பமே அழுதது. பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கு எடுத்த ஒப்பாரியை இன்றைக்கு முழுசாகப் பாடினாள். அம்மா அழவில்லை. பூசை முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். உலையில் நைனாவின் பங்கு அரிசி குறைந்தது. நான் பள்ளிக்கூடம் போனேன், ஒப்பித்தேன், அந்த அலையில் என் குரல் எது என்று எனக்கே தெரியாமல் போனது. நாட்கள் அப்படிப் போயின.

ஒரு சாயங்காலம் சிலேட்டோடு சந்துக்குள் நுழைந்தால் எங்கள் வாசலில் கூட்டம். எல்லாரும் ஏனோ மெதுவாகப் பேசினார்கள். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். உள்ளே ஓர் ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாடி, ஒட்டிப்போன கன்னம், தோளெல்லாம் வெந்து உரிந்த தோல். இதுவும் அந்தக் கனவுதான் என்று நான் நினைத்தேன். கிட்டே போய் அவர் காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"இன்னா பாக்கற? நான்தான்," என்றார் நைனா.

காற்றில் துடுப்பு கைநழுவிப் போயிருக்கிறது. மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நீரோட்டம் பழவேற்காட்டுக்கும் அப்பால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அங்கே தெலுங்குக் குப்பத்து மீன்காரர்கள் தூக்கிப்போட்டுக்கொண்டு போய், காய்ச்சலில் பிதற்றிக் கிடந்தவருக்குக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். நிற்க முடிந்ததும், பட்டணத்துக்குச் சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு கால்வாயில் வந்த படகில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். இதைச் சொல்வதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் உள்ள நேரம்தான். கோயில்பிள்ளை வந்து அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படித்த பூசை வீண்போகாது, யாரும் நினைக்காத வேறு ஓர் ஆத்துமாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சாமியார் சொல்லியனுப்பியதாகச் சொன்னார். நைனா தலையை ஆட்டிவிட்டு மோர் கேட்டார்.

அம்மா மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதை எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஊரையே வாயால் அடிக்கிறவள், வந்திருக்கிற புருஷனிடம் ஒரு சொல் பேசவில்லை. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. மாமா கடைசியாக எழுந்து போனார். நாங்கள் மூன்று பேரும் மட்டும் இருந்தோம்.

"இன்னாமே, பேச மாட்டியா?" என்றார் நைனா.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒன்ன வுட்டுட்டேன்யா. ஊரே சொல்லுச்சு, எங்க அண்ணன் சொன்னான், நான் ஒத்துக்கல. கடைசில நானேதான் சொன்னேன். மதரம்மா கேட்டாங்க, செத்துட்டாருன்னு என் வாயால சொன்னேன். நீ அங்க உசுரோட கெடக்கற, நான் இங்க சொல்லிகினு கீறேன்."

நைனா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு சொன்ன?"

"இத இஸ்கோல்ல சேக்க. தகப்பன் இருந்தா தகப்பன்தான் வரணும்னுட்டாங்க. அன்னிக்கி வுட்டா அவ்ளோதான்."

நைனா என்னைப் பார்த்தார். என் மடியில் இருந்த சிலேட்டைப் பார்த்தார்.

"சேத்துகினாங்களா?"

"சேத்துகினாங்க."

"அப்பறம் இன்னாமே?" என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."

துடுப்பு வந்த அன்றைக்கும், தாலியைக் கழற்றிய அன்றைக்கும், பூசை நடந்த அன்றைக்கும் அழாத அம்மா, அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சோறு போட்டாள்.